சீசனில் சேர்த்த முகவரி, மாரியில் எழுதும் கடிதம்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பியதும் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கதிரைகளை உள்ளே எடுத்து அடுக்கிவிடுவார்கள். புறாமலைத் தீவுக்குப் போகும் படகுகள் கரையேறிவிடும். அதுவரை அறை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியவர்கள், அடுத்த ஐந்தாறு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். உப்புவெளியில் மூன்று அறை உள்ள விடுதி ஒன்றை நானும் மனைவியும் நடத்துகிறோம். பக்கத்திலேயே மனைவி கருவாடும் தேசிக்காய் ஊறுகாயும் பொதி செய்து விற்கிறார்.

போனில் பேஸ்புக் பார்க்கத் தெரியும், அதை வைத்து வியாபாரம் செய்யத் தெரியாது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவாடு போடுகிற ஊரில் இதை விளக்குவது சுலபம். மீன் மலிந்த நாளில் உப்புப் போட்டுக் காயவைத்தால்தான் மீன் படாத நாளில் சட்டியில் ஏதாவது இருக்கும். அதேபோல, சனம் வரும் மாதங்களில் அவர்களுடைய முகவரியைக் கேட்டு வாங்கி வைத்தால்தான் சனம் இல்லாத மாதங்களில் எழுத ஆள் இருக்கும். பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் புது ஆட்களைக் கொண்டுவரும். வந்தவர்களைத் திரும்ப அழைப்பதற்கு வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும்தான் உதவும்.

முதலில் ஒரு கொப்பி

போனைத் தொடுவதற்கு முன் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒரு மாதம், வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: “எங்களை எப்படி அறிந்தீர்கள்?” பதிலை அப்படியே எழுதுங்கள். கூகுள் மேப், ஓட்டோக்காரர் சொன்னார், கொழும்பில் மச்சான் சொன்னார், பேஸ்புக்கில் பார்த்தேன், சும்மா நடந்து வந்தோம். மாதம் முடிய எண்ணிப் பாருங்கள்.

நான் எண்ணியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. இரவிரவாகப் பேஸ்புக்கில் போஸ்ட் போட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் மேப்பைப் பார்த்து வந்திருந்தார்கள். மேப்பில் எங்கள் விடுதியின் புள்ளியோ அடுத்த ஒழுங்கையில் இருந்தது.

கூகுள் மேப்பில் சரியான இடத்தில் நில்லுங்கள்

அதனால் அடுத்த வேலை அதுதான். கூகுளில் வணிகக் கணக்கு திறக்கக் காசு கட்ட வேண்டியதில்லை. கடையின் பெயர், வகை, திறக்கும் நேரம், போன் நம்பர் கொடுத்து, புள்ளியை உங்கள் படலைக்கு நேரே வையுங்கள். கடை உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்க்கும். பெயர்ப்பலகையையும் வீதியையும் உள்ளேயும் காட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஆகவே பெயர்ப்பலகை இல்லாதவர்கள் முதலில் ஒன்றை எழுதி மாட்டுங்கள். கணக்கில் கொடுக்கும் பெயரும் பலகையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

போகும்போது திருப்தியாகப் போகிறவரிடம் இரண்டு வரி விமர்சனம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சொந்தக்காரர்களைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுவிக்காதீர்கள். அது கூகுள் விதிக்கும் விரோதம், வாசிக்கிறவர்களும் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

பேஸ்புக் பேஜ்: திறப்பு யாரிடம்?

சொந்தப் பெயரில் இருக்கும் கணக்கிலேயே வியாபாரம் செய்கிறவர்கள் ஊரில் பலர். அதில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அதோடு, உங்கள் மருமகளின் பூப்புனித நீராட்டு விழாப் படங்களுக்கு நடுவில் சூடைக் கருவாட்டைத் தேடி யாரும் வரமாட்டார்கள். வியாபாரத்துக்கு என்று தனியாகப் பேஜ் திறந்து, அதோடு இன்ஸ்டாகிராம் கணக்கையும் இணைத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயணிகள் இன்ஸ்டாகிராமில் பார்ப்பார்கள், உள்ளூரும் கொழும்பும் பேஸ்புக்கில் பார்க்கும். இரண்டிலும் ஒரே படத்தைப் போட்டால் போதும்.

இங்கே நான் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டாம். எங்கள் முதல் பேஜைத் திறந்து தந்தது பக்கத்துவீட்டுத் தம்பி. நல்ல பிள்ளை. அவனுடைய கணக்கில் திறந்தான், அவனுடைய போனில் பாஸ்வேர்ட் இருந்தது. பிறகு வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டான். அங்கே போன் தொலைந்து, கணக்கும் போய்விட்டது. இரண்டு வருஷம் சேர்த்த பேஜ் இன்றைக்கும் பேஸ்புக்கில் இருக்கிறது, பழைய விலையோடு! அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. இன்னமும் யாராவது அந்த விலையைக் காட்டிச் சண்டைக்கு வருகிறார்கள்.

பேஜைத் திறக்கும் அன்றே உங்கள் கணக்கிலிருந்து திறங்கள், வீட்டில் இன்னொருவரையும் முழு உரிமையுள்ள நிர்வாகியாகச் சேருங்கள், இரண்டு பேரின் கணக்குக்கும் இரட்டைப் பூட்டுப் போடுங்கள். இரட்டைப் பூட்டு என்றால், பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் ஏற்பாடு. அமைப்புகளில் இருக்கிறது.

இன்னொன்று. “உங்கள் பேஜ் பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணித்தியாலத்தில் மூடப்படும், இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று இன்பொக்ஸில் தகவல் வரும். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் சின்னம்கூட இருக்கும். அது கள்ளன். அழுத்தாதீர்கள். உண்மையான எச்சரிக்கை இருந்தால் அது உங்கள் பேஜின் அமைப்புகளுக்குள்ளேயே தெரியும். அந்நியர் ஒருவர் இன்பொக்ஸில் வந்து சொல்லமாட்டார்.

என்ன போடுவது

எங்கள் பேஜில் இதுவரை அதிக லைக் வாங்கிய படம், டவுனில் கடை வாசலில் நின்று வாழைப்பழத்தோல் தின்ற புள்ளிமான். அந்தக் கிழமை ஒரு அறைகூடக் கூடுதலாக நிரம்பவில்லை. ஊர் மான்களை எனக்கும் பிடிக்கும், ஆனால் லைக்கை எண்ணிச் சந்தோஷப்படும் பழக்கம் அன்றோடு போய்விட்டது. இப்போது நான் எண்ணுவது, எத்தனை பேர் விலை கேட்டு எழுதினார்கள் என்பதை மட்டும்தான்.

விலை கேட்க வைக்கும் படங்கள் வேறு. கருவாடு என்றால், பளபளக்கும் பொதியைவிட அது எப்படிக் காய்கிறது என்பதுதான் கேட்பவரின் கவலை. மணல் படுகிறதா, ஈ மொய்க்கிறதா, உப்பு அதிகமா? வலை போட்டு மூடிய தட்டியில் மீன் காய்வதை இருபது விநாடி வீடியோவாகப் போட்டோம். யாரும் கைதட்டவில்லை, கொழும்பிலிருந்து ஒன்பது பேர் ஓடர் கொடுத்தார்கள். விடுதி என்றால், கட்டிலில் பூ வைத்த படத்தைவிடக் குளியலறைப் படம்தான் வேலை செய்யும். அதை மறைப்பவர்களை யாரும் நம்புவதில்லை.

படம் எடுப்பதற்கு ஒரு குறிப்பு. நாங்கள் இருப்பது கிழக்குக் கரை. சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது. காலையில் கடலைப் பார்த்துப் படம் எடுத்தால் வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்கும். முன்னால் நிற்கும் ஆளும் படகும் கறுத்துப்போகும். சூரியோதயப் படம் வேண்டுமென்றால் அந்த நேரம் சரி. நீலக் கடல் வேண்டுமென்றால் பின்னேரம் நான்கு மணி போலப் போங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், தண்ணீர் அதன் நிறத்தில் தெரியும். பொருட்களைப் படம் பிடிக்க வீட்டு விறாந்தை நிழல் போதும், பிளாஷ் வேண்டாம்.

இணையத்தில் கிடக்கும் புறாமலைப் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். எடுத்தவருக்கு அது சொத்து. விருந்தினரின் முகம் தெரிந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள், பிள்ளைகள் என்றால் கேட்காமல் போடவே வேண்டாம்.

விலையை எழுதுங்கள். “விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்” என்பது எனக்குக் கோபம் வரவைக்கும் வசனம். வாங்க நினைத்தவரில் பாதிப்பேர் அதிலேயே நகர்ந்துவிடுவார்கள்.

அப்புறம் மொழி. திருகோணமலைக்கு ஏப்ரல், ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் போயா விடுமுறையிலும் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுகிறவர்கள். வெளிநாட்டவருக்கு ஆங்கிலம். ஊர்க்காரருக்கும் வெளிநாட்டில் இருக்கும் நம் சனத்துக்கும் தமிழ். மூன்றையும் ஒரே போஸ்டில் திணித்தால் யாரும் வாசிக்கமாட்டார்கள். முக்கியமானதை மூன்றிலும் இரண்டிரண்டு வரியில் எழுதுங்கள், மீதியை அந்தந்த ஆளுக்குத் தனித்தனிப் போஸ்டாகப் போடுங்கள். மொழிபெயர்ப்புக் கருவி தருவதை அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள். நாங்கள் ஒருமுறை காட்டாமல் போட்டோம். சிரிப்பு முகங்களாகக் குவிந்த பிறகுதான் பிழை விளங்கியது.

கிழமைக்கு மூன்று போஸ்ட் போதும். தினமும் போட வேண்டும் என்று சொல்பவர்களுக்கு வேறு வேலை இல்லை.

காசு கட்டி விளம்பரம்

பூஸ்ட் என்ற நீலப் பொத்தானைக் கண்டதும் அழுத்த வேண்டாம். மூன்று மாதம் சும்மா போட்டுப் பார்த்து, எந்தப் போஸ்டுக்கு அதிகம் பேர் விலை கேட்டார்கள் என்று தெரிந்தபின் அதற்கு மட்டும் காசு கட்டுங்கள். நோக்கம் என்ன என்று பேஸ்புக் கேட்கும் இடத்தில் லைக்கைத் தெரிவு செய்யாமல் தகவல் அனுப்புவதைத் தெரிவு செய்யுங்கள். இடத்தையும் சுருக்குங்கள். நீண்ட போயா விடுமுறை ஒன்றுக்குப் பத்து நாள் முன்னர், கொழும்பும் கண்டியும் என்று போட்டு, ஒரு அறையின் ஒரு நாள் வாடகையைவிடக் குறைவான தொகையில் தொடங்குங்கள். ஒரு அறைகூட நிரம்பவில்லையா, போனது அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்: உள்ளூர் வியாபாரத்தின் முதுகெலும்பு

வியாபாரத்துக்கான வாட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற தனி ஆப் 2018 முதல் இருக்கிறது, இலவசம். ஒரே நம்பரைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. ஆகவே கடைக்கென்று இன்னொரு சிம் எடுத்துவிடுங்கள், குடும்பக் குழுவின் காலை வணக்கங்களும் கடைக்குள் வராது. பொருட்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கப் பட்டியல் உண்டு. அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில் உண்டு. “காசு கட்டியாயிற்று”, “அனுப்ப வேண்டும்” என்று ஆட்களுக்கு நிறம் போட்டுப் பிரிக்கலாம். கருவாட்டு ஓடர் இருபதைத் தாண்டியபோது இந்த நிறங்கள் இல்லையென்றால் யாருக்கு எதை அனுப்பினோம் என்றே தெரிந்திருக்காது.

ஒரே தகவலைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப ஒலிபரப்புப் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். பலர் இதை அறியாமல், “அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை” என்கிறார்கள். எனவே சாமான் கொடுக்கும்போதே, “அண்ணா, நம்பரைச் சேமித்து வையுங்கள், நல்ல பாரைக் கருவாடு வந்தால் சொல்கிறேன்” என்று கேளுங்கள். குழு தொடங்கி எல்லோரையும் உள்ளே இழுத்துப் போடாதீர்கள். ஒருவரின் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்களுக்கு அது பெரிய தொல்லை.

மின்னஞ்சல்: மாரிகாலத்து வேலை

வாட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்று கேட்பார்கள். உள்ளூர் வாடிக்கையாளருக்கு வேண்டியதில்லை, சரி. ஆனால் மேயில் வந்து மூன்று நாள் தங்கிப் போன ஜெர்மன்காரர் உங்கள் நம்பரைச் சேமித்து வைக்கப்போவதில்லை. அவர் மின்னஞ்சலைத் திறப்பார். கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருந்து ஆடி, ஆவணியில் ஊருக்கு வரும் நம் ஆட்களும் அப்படித்தான். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அங்கிருந்தே சாமான் ஓடர் கொடுப்பவர்களும் உண்டு.

விடுதி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. முன்பதிவுத் தளங்கள் பொதுவாக 15 சதவீதம் அளவில் கொமிஷன் எடுக்கும். 10,000 ரூபாய் அறைக்கு 1,500 ரூபாய். பல தளங்கள் விருந்தினரின் உண்மையான முகவரியையும் தருவதில்லை. தளத்தின் ஊடாகப் போகும் மறைமுகவரி ஒன்றைக் காட்டும், அதை வைத்து விளம்பரம் அனுப்ப விதி இடம் தராது. அதே ஆள் அடுத்த வருஷம் உங்களுக்கு நேரே எழுதினால் அந்த 1,500 வீட்டில் நிற்கும்.

முகவரியை எப்படி வாங்குவது? நேரே கேட்டுத்தான். புறப்படும் காலையில் தேநீர் கொடுக்கும்போது, “வருஷத்துக்கு மூன்று கடிதம் போடுவோம், கடல் எப்படி இருக்கிறது, அறை எப்போது கிடைக்கும் என்று. அனுப்பட்டுமா?” என்று கேட்போம். ஓம் என்றால் மட்டும் எழுதிக்கொள்வோம். முதலில் கொப்பியில் எழுதச் சொன்னோம். எண் ஒன்றா ஆங்கில ‘எல்’ எழுத்தா, பூச்சியமா ‘ஓ’ எழுத்தா என்று தெரியாமல் கால்வாசி முகவரிகள் பாழ். இப்போது அவர்களே போனில் தட்டும்படி கூகுள் படிவம் ஒன்று செய்து, கியூஆர் அட்டையைத் தேநீர் மேசையில் வைத்திருக்கிறோம். பெயர், மின்னஞ்சல், எந்த மாதம் வந்தார், சம்மதம். நான்கு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள்.

சம்மதம் என்பது மரியாதைக்கு மட்டும் அல்ல. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படியான தகவல்களுக்குச் சம்மதத்தைத்தான் கேட்கிறது. ஐரோப்பியர்கள் 2018இலிருந்தே தங்கள் சட்டத்துக்குப் பழகியவர்கள், அனுமதி இல்லாமல் எழுதினால் முகம் சுளிப்பார்கள். முகவரிப் பட்டியலை விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எப்படி அனுப்புவது? ஐம்பது அறுபது பேர் என்றால் சாதாரண ஜிமெயிலே போதும். அது ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப விடாது, உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முகவரிகளை மேலே ‘டூ’ என்ற இடத்தில் போடாமல் ‘பிசிசி’ என்ற இடத்தில் போடுங்கள். நான் எழுதிய முதல் கடிதத்தில் அறுபது பேரின் முகவரியையும் அறுபது பேருக்கும் காட்டிவிட்டேன். அதில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் போட்டுத் திட்டினார். அவரைச் சமாதானப்படுத்த இன்னொருவர் எல்லோருக்கும் எழுதினார். இரண்டு நாள் நடந்தது அந்தத் திருவிழா.

நூறைத் தாண்டினால் மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட் போன்ற அனுப்பும் சேவை ஒன்றுக்குப் போங்கள். சிறு பட்டியலுக்கு இலவசத் திட்டங்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், வேண்டாம் என்பவர் விலகும் இணைப்பும் கீழே தானாக வரும். இந்தச் சேவைகளிலிருந்து ஜிமெயில் முகவரியில் அனுப்பினால் குப்பைப் பெட்டிக்குப் போக வாய்ப்பு அதிகம். கடையின் பெயரில் சொந்த இணைய முகவரி (டொமைன்) ஒன்றை வாங்கி, சேவை சொல்லித்தரும்படி அதைச் சரிபார்த்துவிட்டு அனுப்புவது நல்லது. இந்த இடத்தில் மட்டும் கணினி தெரிந்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் இருத்துங்கள். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே வைத்திருங்கள்.

எரிச்சலில் ‘ஸ்பாம்’ பொத்தானை அழுத்துபவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக்கூடாது என்பது, மொத்தமாக அனுப்புவோருக்கு ஜிமெயில் போட்டிருக்கும் கோடு. நூறு பேர் பட்டியலில் ஒருவர் அழுத்தினாலே ஆயிரத்துக்குப் பத்து. அதனால்தான் விலகும் வழியைத் தெளிவாகக் காட்டச் சொல்கிறேன். விலகிப் போகிறவர் உங்களுக்கு நன்மைதான் செய்கிறார்.

என்ன எழுதுவது, எப்போது

எங்கள் மூன்று கடிதங்கள் இவை. தை மாதம் முதலாவது: ஐரோப்பாவில் பலர் கோடை விடுமுறையைப் பனிக்காலத்திலேயே யோசிக்கத் தொடங்குவார்கள். சித்திரையில் இரண்டாவது: கடல் அமைதியாகிவிட்டது, படகுகள் ஓடுகின்றன, இன்ன நாட்களில் அறை இருக்கிறது. ஐப்பசியில் மூன்றாவது: நன்றி, கதவைச் சாத்துகிறோம், அவ்வளவுதான். கருவாட்டு வாடிக்கையாளருக்கு வேறு பட்டியல். அவர்களுக்கு அறைக் கடிதம் போகாது.

தலைப்பு வரியில் ஆச்சரியக்குறியும் “மாபெரும் சலுகை”யும் வேண்டாம். சென்ற தையில் நாங்கள் போட்ட தலைப்பு: “வேப்பமரத்துக்குக் கீழே புதுப் பலகை”. உள்ளே ஆங்கிலத்தில் இருந்தது இவ்வளவுதான், இங்கே தமிழில் தருகிறேன்:

“வணக்கம். இங்கே மழை. நீங்கள் காலையில் உட்காரும் வேப்பமரத்துக்குக் கீழே பழைய பலகை உக்கிவிட்டதால் புதிது போட்டிருக்கிறோம். மே முதல் செப்டெம்பர் வரை மூன்று அறைகளும் திறந்திருக்கும். மாசி முடிவதற்குள் இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டுக் கேட்பவர்களுக்குப் போன வருஷத்து விலையே. புறாமலைப் பயணத்தையும் நாங்களே ஒழுங்கு செய்து தருவோம்.”

கீழே, மழையில் நனைந்த அந்தப் பலகையின் படம் ஒன்று. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம்தான் கேட்க வேண்டும். இங்கே கேட்டது பதில் போடச் சொல்லி மட்டும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை ஒரு எண் காட்டும். அதை அதிகம் நம்ப வேண்டாம். ஆப்பிள் போன்களின் அஞ்சல் ஆப், 2021இலிருந்து ஆள் வாசிக்காவிட்டாலும் திறந்ததாகக் காட்டக்கூடும். பதில்களை எண்ணுங்கள். அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்கள் பதினொன்று. நான்கு பேர் அறை கேட்டார்கள். ஒருவர் தான் வரமுடியாது, தங்கை வருவாள் என்று எழுதினார். மற்றவர்கள் பலகையைப் பற்றி மட்டும் எழுதினார்கள். அவர்களுக்கும் அன்றைக்கே பதில் போட்டோம்.

போய்ச்சேராமல் திரும்பி வந்த கடிதங்களின் முகவரிகளை அன்றிரவே பட்டியலிலிருந்து நீக்குங்கள். மூன்று வருஷமாக ஒரு சத்தமும் இல்லாதவர்களுக்கு, “இன்னும் எழுதட்டுமா?” என்று ஒரே ஒரு வரி போட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடலாம். மார்கழி மழையில் அரை நாள் வேலை இது, கரண்ட் இருந்தால்.